பதினொரு பிரதிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால்.
எங்களுக்குக் கிடைத்த காட்சி அது.
டர்பனில் அந்த நேரத்தில்
வேலை உள்ளவன் வேலையில் இருப்பான்,
இல்லாதவன் வரிசையில்.
நாற்பது டிக்கெட் போனால் வியாழனும் தருகிறேன் என்றார்
ஒன்பதாம் அரங்கின் மேலாளர்,
பாப்கார்ன் இயந்திரத்தைத் துடைத்தபடி.

எழுபத்தெட்டு நிமிடப் படம்.
என் டொயோட்டாவை விற்ற காசில் எடுத்தது.
கரும்பாலை எடைமேடையில்
இரவுக் கணக்கு எழுதும் ஒருவனின் கதை.
லாரி வரும். நிற்கும். முள் அசையும். போகும்.
"இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லையே"
என்று கேட்டார் கேப் டவுன் விநியோகஸ்தர்.
"இரண்டாம் பாதியில் ஒருவன் தும்முவான்" என்றேன்.
அதற்கப்புறம் அவர் ஃபோனை எடுக்கவில்லை.

நாயகன் டெஷன் கோவெண்டர்
அதே மாலில் காவலாளி.
பையைத் திறந்து காட்டச் சொல்லித்தான்
தன் படத்துக்கு வந்தவர்களை உள்ளே விட்டான்.
ஏழு பேர்.
கழிப்பறைக்குத் திரும்பும் மூலையில்
போஸ்டரில் அவன் முகம்.
இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.
சீருடை அப்படி.

இரவுகளில் ஒட்டப் போனோம்.
மைதா காய்ச்சிய பசை, லோஷினியின் வாளி,
ஃபீனிக்ஸிலிருந்து டொங்காட் வரை விளக்குக் கம்பங்கள்.
போன காதலனைத் திருப்பித் தரும் மருத்துவர்
எல்லாக் கம்பங்களிலும் எங்களுக்கு முன்பே இருந்தார்.
அவருக்குக் கீழே ஒட்டினோம்.
மறுநாள் விடியற்காலை ஒரு பெண் அழைத்தாள்,
நம்பர் மாறி.
இது சினிமா, அம்மா, என்று சொல்ல வாயெடுத்தேன்.
அழுதுகொண்டிருந்தாள்.
பதினெட்டு நிமிடம் கேட்டேன்.
என் படத்தை அத்தனை நேரம்
யாரும் எழுந்து போகாமல் பார்த்ததில்லை.

மினிபஸ் டாக்ஸி ஓட்டும் சிபுசிஸோ
டிரைலரின் ஒலியை மட்டும் வண்டியில் போட்டார்.
லாரி சத்தம் கேட்டுப் பயணிகள்
பதறிப் பின்னால் திரும்பினார்களாம்.
எங்களுக்கு வந்த முதல் விமர்சனம்.

வியாழன் இல்லை என்று ஆனது.

சனிக்கிழமை, சாட்ஸ்வொர்த் சந்தையில்,
கறிவேப்பிலைக் கட்டுகளுக்கும் உயிர்க்கோழிக்கும் நடுவே
தார்ப்பாயில் கிடந்தது எங்கள் படம்.
இருபது ராண்ட்.
அட்டையில் டெஷன் கையில் துப்பாக்கி,
பின்னால் எரியும் ஹெலிகாப்டர்.
"யார் குடுத்தது இது?"
"குடுப்பாங்களா? எடுத்ததுதான்" என்றார் ரூபன் மூட்லி.
கழுத்துவரை வந்தது கோபம்.
அதற்குமேல் ஏறவில்லை.
இவ்வளவு படம் கிடக்கும் ஊரில்
எங்களையும் ஒருவர் மதித்துத் திருடியிருக்கிறார்.

"எத்தனை போச்சு?"
"பதினொண்ணு. ரெண்டு திரும்பி வந்துச்சு,
ஹெலிகாப்டர் எங்கேன்னு."
"மீதி ஒன்பது?"
தோளைக் குலுக்கினார்.
"ஒருத்தர் மட்டும் வந்து கேட்டார்,
கடைசி லாரியோட எடைய
அந்த ஆள் ஏன் தப்பா எழுதினான்னு.
நான் படம் பார்க்கலை.
உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றுதான்
மூன்று வருடம் நினைத்திருந்தேன்.
"அவர் எப்ப வருவார்?"
"மாசக் கடைசியில. சம்பளம் வந்தா."

அடுத்த சனிக்கிழமை
ஒரு பெட்டி அசல் பிரதிகளோடு போனேன்.
பாதிக்குப் பாதி என்றார் ரூபன்.
ஹெலிகாப்டர் வேண்டாம் என்றேன்.
துப்பாக்கியாவது இருக்கட்டும் என்றார்.
தும்முவதைப் போடலாமே என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒரு பிளாஸ்டிக் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

பக்கத்துக் கடையில்
ஒருத்தி கோழி நிறுத்துக்கொண்டிருந்தாள்.
முள் நிற்கும் முன்பே எடையைச் சொன்னாள்.
வாங்கிய கிழவர் தராசைப் பார்த்தார்,
அவளைப் பார்த்தார்,
காசை எண்ணிக் கொடுத்தார்.